கொம்பையா வீட்டு வாசலில் மட்டும் சத்தமில்லை

பூரணத்தம்மாளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று வாகைக்குறிச்சியில் அவள் மகள் வடிவின் குரல் முப்பத்தாறு வீட்டு வாசல்களில் நின்று பேசிக்கொண்டிருந்தது, மைக் இல்லாமல், குழாய் இல்லாமல், வடிவே பக்கத்தில் இல்லாமல், ஆள் உயரத்துக்கு, ஒரே சீராக, மூச்சு வாங்காமல். ஆகவே முதல் இருமல் வந்ததுமே பூரணம் தலையணையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு மகளைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

"ஏட்டி, மிக்ஸியப் போடு."

வடிவு போட்டாள். உள்ளே ஒன்றும் இல்லை. அந்த மாதம் வாகைக்குறிச்சியில் யார் வீட்டு மிக்ஸிக்குள்ளும் ஒன்றும் இல்லை, ஆனாலும் எல்லார் வீட்டிலும் விடிந்ததிலிருந்து ஓடியது, இங்கே நின்றால் அங்கே ஓடியது, அங்கே நின்றால் எதிர்வீட்டில் ஓடியது, சந்தை மூடித் தேங்காயே வராமல் கிடக்கிற ஊரில் இத்தனை சட்னி யாருக்கு அரைக்கிறார்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, கேட்டால் பதிலுக்கு அவர்கள் வீட்டு மிக்ஸியைப் பற்றியும் கேட்பார்கள். இருமல் சத்தம் வெளியே போனால் கமிட்டிக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரிந்தால் பேர் குழாயில் போகும், பேர் குழாயில் போனால் போனதுதான், திரும்பி வராது. இது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் குரல் வடிவினுடையது என்பதால் பூரணத்துக்கு அது இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தது.

வடிவுக்குப் பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில், போதும் என்று வந்துவிட்டாள். அவள் அய்யா கொம்பையா மைக் செட் வைத்திருந்தார், ஒரு ஆட்டோ, அதன் தலையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி. கோயில் கொடைக்கும் சடங்கு வீட்டுக்கும் சாவுச் செய்திக்கும் வடிவுதான் பேசுவாள். குரல் அப்படி. அன்னதானம் என்று அவள் சொன்னால் வயிறு நிறையத் தின்றவனும் தட்டைத் தேடுவான், காணாமல் போன ஆட்டுக்கு அவள் அறிவிப்புச் சொன்னால் ஆடே வெட்கப்பட்டுத் திரும்பி வரும் என்று கேலி பேசுவார்கள், இன்னார் காலமானார் என்று அவள் இழுத்துச் சொன்னால் செத்தவரோடு வரப்புத் தகராறு வைத்திருந்தவர்களும் துண்டை எடுத்து மூக்கைத் துடைப்பார்கள்.

நோய் வந்து ஊர் அடைபட்டதும் கொடையும் இல்லை, சடங்கும் இல்லை. சும்மா கிடந்த ஆட்டோவைத் தேடிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை அரிசி மில்லுக்காரர் மகராசன் வந்தார். ஊர்க் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல்.

"வடிவு, ஒரு சேதி சொல்லணும். பேரப் போட்டே சொல்லு. சும்மா ஒரு நபர்னு சொன்னா ஊரே ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்படும். பாவம்லா?"

பேர், தையல்கடை பரமகல்யாணி. புருஷன் விட்டுப்போய், நடுத்தெருவில் ஒற்றை ஆளாக மெஷின் மிதித்துப் பிழைத்தவள். ஜாக்கெட் வெட்டி மிஞ்சின துண்டுகளை எல்லாம் சேர்த்து ஊருக்கே முகமூடி தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். அன்றைக்கு மகராசன் மூக்கில் மாட்டியிருந்ததே அவள் தைத்த, ஊதாப்பூப் போட்ட முகமூடிதான். வடிவு மைக்கை எடுத்தாள். "பொதுமக்கள் கவனத்திற்கு. நடுத்தெரு தையல்கடை பரமகல்யாணிக்கு நோய் கண்டிருப்பதால் அந்த வீட்டுப் பக்கம் யாரும் போக வேண்டாம், பேச வேண்டாம், கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டாம்." இதுவரைதான் கமிட்டி எழுதிக் கொடுத்தது. நன்றாக வருகிறதே என்று வடிவு சொந்தமாக ஒன்று சேர்த்தாள். "தெரியாமல் போய்விட்டோம் என்று பிறகு யாரும் சொல்ல வேண்டாம்."

பரமகல்யாணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொம்பையா சுவிட்சை அணைத்தார். குரல் நிற்கவில்லை.

பேட்டரி வயரைப் பிடுங்கினார், நிற்கவில்லை. குழாய்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போர்வையில் சுற்றி வைத்தார், அப்போதும் நிற்கவில்லை, ஏனென்றால் குரல் குழாயிலிருந்து வரவே இல்லை, பரமகல்யாணி வீட்டு நிலைப்படிக்கு முன்னால் காற்றில் நின்றுகொண்டு, பரமகல்யாணிக்கு நோய் கண்டிருப்பதால், பரமகல்யாணிக்கு நோய் கண்டிருப்பதால் என்று, தெரியாமல் போய்விட்டோம் என்று சொல்ல வேண்டாம் என்பதுவரை போய், மறுபடி முதலிலிருந்து பிடித்துக்கொண்டது. ஊர் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தது. ஒருத்தரும் அலறவில்லை.

"நல்ல மைக்குடே கொம்பையா, கரண்டே கேக்க மாட்டேங்கு" என்றார் டீக்கடைக்காரர்.

"இனி ஆட்டோ நித்தம் சுத்த வேண்டாம் பாத்தியா" என்றார் மகராசன்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒன்று ஐந்தாகி, ஐந்து பன்னிரண்டாகி, ஒவ்வொரு வாசலிலும் ஒரு வடிவு நின்று பேசினாள், ஊர் அதற்கும் பழகியது. பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடும்போது ஒன்று இரண்டு எண்ணுவதை விட்டுவிட்டு "நோய் கண்டிருப்பதால்" என்று ஐந்து தடவை சொல்லிவிட்டுத் தேடப் போனார்கள். வேப்பமரத்து மைனா ஒன்று அதைப் படித்துக்கொண்டு மரத்தில் உட்கார்ந்து சொன்னதில், மரத்துக்கு நோய் என்று இரண்டு நாள் யாரும் அதன் நிழலில் நிற்கவில்லை. வழி கேட்டால் அந்தச் சத்தத்துக்கு மூன்று வீடு தள்ளி என்று சொன்னார்கள். மீன்காரர் மொபெட்டை நிறுத்தாமலே காதைக் கொடுத்துக் கேட்டு, சத்தமில்லாத வாசலில் மட்டும் ஹாரன் அடித்தார். குரலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கமிட்டியில் ஒரு புகார் கொடுத்தார்கள். நோயாளியைச் சொல்வது பற்றி அவர்களுக்கு ஒன்றும் இல்லை, மத்தியானம் கண்ணயர்கிற நேரத்தில் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வடிவிடம் சொல்ல முடியுமா என்பதுதான் புகார்.

பதினாறாம் நாள் பரமகல்யாணி குணமாகித் திரும்பி வந்தாள், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, பிளாஸ்டிக் உறைக்குள். அவள் வாசலில் கால் வைத்ததும் நிலைப்படிக்கு முன்னால் நின்ற குரல் எழுந்து அவள் தலைக்கு மேலே வந்து நின்றுகொண்டது. அவள் உள்ளே போனால் உள்ளே போனது. கடைக்குப் போனால் அவளுக்கு ஒரு எட்டு முன்னால் போனது.

"அக்கா, அங்கனயே நில்லுங்க" என்றான் பலசரக்குக் கடைக்காரன்.

"கொணமாயிட்டுடே. சீட்டு வச்சிருக்கேன், பாரு."

"சீட்டு சரிதான். சத்தம் நிக்கலையே?"

அன்று சாயங்காலம் அவள் கொம்பையா வீட்டுக்கு வந்தாள். பூரணமும் அவளும் ஒரே வருஷம் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், பூரணத்தின் வளைகாப்புக்குச் சேலைக்குப் பால்ஸ் அடித்தது அவள்தான். பூரணம் கதவைச் சாத்தி, ஜன்னலில் பாதியை மட்டும் திறந்தாள்.

"ஏ பூரணம், ஒம் மவளக் கூப்பிடு. அவ சத்தத்த அவளே எடுத்துக்கிடட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அவ இல்ல, கல்யாணி" என்றாள் பூரணம்.

வடிவு அம்மைக்குப் பின்னால்தான் நின்றாள். வெளியே பரமகல்யாணி தலைக்கு மேலேயும் வடிவுதான் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் நின்று அவள் இல்லை என்று சொல்ல அம்மைக்குக் கொஞ்சமும் கூசவில்லை. பரமகல்யாணி போன பிறகு அவள் நின்ற படியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவினாள், சாமிக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று.

மறுநாள் வடிவு அய்யாவிடம்கூடக் கேட்காமல் ஆட்டோவை எடுத்து, பரமகல்யாணி பூரண குணமடைந்துவிட்டார், யாரும் அஞ்ச வேண்டாம் என்று தெருத் தெருவாகச் சொன்னாள். சொன்னது குழாயைத் தாண்டி வந்தது, சுவரில் பட்டது, மைக்கை வைத்ததும் நின்றது. இருபது தடவை சொன்னாள். இருபது தடவையும் நின்றது. அந்தச் சொல்லுக்குக் கால் இல்லை. அந்த வாரமே பரமகல்யாணி தையல் மெஷினின் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காக ஓடிய ஒரே பஸ்ஸில் கெஞ்சி ஏறினாள், இரண்டாவது ஸ்டாப்பில் கண்டக்டர் இறக்கிவிட்டான், அங்கிருந்து நடந்தாள். வாய்க்கால் தாண்டும்வரை குரல் கேட்டதாகச் சொன்னார்கள்.

இதற்கப்புறம் வடிவு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் பெயர்களைச் சொன்னாள். சொல்லாவிட்டால் உங்க வீட்டுல என்னத்தையோ மறைக்கிய என்பார்கள் என்ற பயம் ஒன்று. இன்னொன்றும் உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை: பள்ளிக்கூடத்தில் அவளை முட்டிபோட வைத்த வாத்தியார் அவள் முன்னால் கையைக் கூப்பி, "தாயி, என் வீட்டப் பத்திச் சொல்லீராத" என்று நின்றபோது அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது, பிறகு அவரையும் சொன்னாள்.

இப்போது அம்மை.

முதல் நாள் காய்ச்சல். இரண்டாம் நாள் ருசி போனது. மூன்றாம் நாள் பூரணம் படுத்த இடத்திலிருந்து அடுப்படிக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். நான்காம் நாள் மிக்ஸி சூடாகிப் புகைந்தது, கொம்பையா பக்கத்து வீட்டில் இரவல் கேட்கப் போய், அவர்களுடையதும் புகைந்துவிட்டது என்று தெரிந்து, இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் திரும்பினார்கள். பூரணத்தின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆட்டோ நிக்கி. முக்கா மணி நேரம்" என்றாள் வடிவு.

"போனா… சொல்லுவாங்க."

"சொன்னாச் சொல்லட்டும். மூச்சு வேண்டாமா ஒனக்கு?"

"சொல்லுதது ஆருட்டி? நீதான?"

வடிவு போர்வையை இழுத்து அம்மையின் தோளை மூடினாள்.

"கல்யாணி மாதிரி… தலைக்கு மேல ஒன்னத் தூக்கிக்கிட்டு… நான் தெருத்தெருவா அலையணுமா" என்றாள் பூரணம், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சைத் தேடிப் பிடித்துக்கொண்டு. "என் பேரக் கொழாயில போட்டிய… நான் ஒன் அம்மை இல்ல. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"பண்ணுனா வருவியா?"

பூரணம் சிரித்தாள், அது இருமலாகிப் போனது. "ஊருக்கே சொல்லு. எல்லாவனுக்கும் நோயின்னு சொல்லு. அன்னைக்கு வாரேன்… எம் பேர மட்டும் சொல்லாத."

கேலியாகச் சொன்னாளோ, பேச்சை முடிக்கச் சொன்னாளோ, தெரியாது. வடிவு கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை, அம்மை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். விடிந்ததும் ஆட்டோவை எடுத்தாள். முகமூடி கொடுப்பதற்காகக் கமிட்டி வீடு வீடாக எழுதின நோட்டு அவர்கள் வீட்டில்தான் கிடந்தது, நானூற்றிப் பன்னிரண்டு வீடு. முதல் பேரே மகராசன். அரிசி மில் மகராசன் வீட்டாருக்கு நோய் கண்டிருப்பதால் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம், பேச வேண்டாம், என்று தொடங்கி, டீக்கடை வீட்டாருக்கு, பலசரக்குக் கடை வீட்டாருக்கு, பூசாரி வீட்டாருக்கு, கம்பவுண்டர் வீட்டாருக்கு, தலையாரி வீட்டாருக்கு, மச்சு வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஓலைக்கொட்டகைக்கும், சொன்னவர்களுக்கு மறுபடியும், சொல்லாதவர்களுக்குப் புதிதாகவும், மேலத்தெருவில் தொடங்கிக் கீழத்தெருவில் முடித்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள், நூற்றித் தொண்ணூறாவது பேர் கொம்பையா, அதை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு தாண்டிப் போனாள். சத்தியம் சத்தியம்தானே. காலை எட்டு மணிக்கெல்லாம் வாகைக்குறிச்சியில் நானூற்றிப் பதினோரு வாசலில் நானூற்றிப் பதினோரு வடிவு நின்று பேசினாள், யாராவது வெளியே வந்தால் அவர்கள் தலைக்கு மேலேயும் ஒருத்தி ஏறிக்கொண்டாள், எந்தப் பேர் எந்தச் சத்தத்தில் என்றே தெரியாமல் ஊர் முழுக்கத் தேர்க்கூட்டம் மாதிரி ஒரே இரைச்சல்.

ஒரு இரண்டு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. முதலில் கெட்ட வார்த்தையில் வைதார்கள், பிறகு வைகிறவனின் தலைக்கு மேலேயும் சத்தம் இருப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரன் சிரித்தான், சிரிக்கிறவனுக்கும் இருக்கிறதே என்று இவன் சிரித்தான். மிக்ஸிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு மாதமாக நெஞ்சுக்குள் அடக்கி வைத்திருந்த இருமலைப் பூசாரி தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, மேல்துண்டை அவிழ்த்து உதறி, நிம்மதியாக இருமினார், அதைக் கேட்டு மச்சு வீட்டிலிருந்து ஒருத்தர் இருமினார், தெரு முழுக்க ஆளுக்கு ஒரு இருமல் இருமிக்கொண்டார்கள். "எனக்கு எட்டு நாளாவே இருக்குடே" என்று ஒருத்தர் சொல்ல, "எனக்குப் பத்து" என்று இன்னொருத்தர் சொன்னார், என்னவோ போட்டி மாதிரி.

இதுதான் நேரம் என்று வடிவும் கொம்பையாவும் பூரணத்தை ஆட்டோவின் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, ஒரு போர்வையைச் சுற்றி, ஊர் எல்லைக்குப் போனார்கள்.

ஊர்ப் பேர் எழுதின அலங்கார வளைவுக்குக் கீழே மகராசனின் மில் டிராக்டர் குறுக்கே நின்றது, இரண்டு பக்கமும் வாய்க்கால்வரை கருவேல முள்ளை வெட்டி அடைத்திருந்தார்கள். ஊர் அடைபட்ட நாளிலிருந்து அதுதான் கதவு. ஆம்புலன்ஸ் வந்தாலும் ஆஸ்பத்திரி பஸ் வந்தாலும் காய்கறி வண்டி வந்தாலும் டிராக்டரை நகர்த்துவார்கள், நோய் வீட்டு ஆள் தன் காலில் போக முடியாது. மகராசன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவர் தலைக்கு மேலே வடிவு, அரிசி மில் மகராசன் வீட்டாருக்கு நோய் கண்டிருப்பதால் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டி அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"எங்க கொம்பையா? ஒம் மவ பண்ணுன வேலையப் பாத்தியா? என் உச்சந்தலையில ஏறி நிக்கா."

"ஆஸ்பத்திரிக்கு, அண்ணாச்சி."

"யாருக்கு?"

கொம்பையா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். வடிவு தலையை வெளியே நீட்டினாள். "ஊருக்கே காய்ச்சல்தான, பெரியப்பா. ஒங்களுக்கும்தான். வாங்க, எடமிருக்கு, ஏறுங்க."

கூட நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மகராசனுக்கே உதட்டோரம் கொஞ்சம் இழுத்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்தது உண்மை, வடிவு பார்த்தாள், சாவியில் ஒரு சின்ன வேல் தொங்கியது.

அப்போது குடத்தோடு போன மயிலம்மை நின்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தன் தலைச் சத்தத்தோடு நின்றுகொண்டு, சும்மா, பார்த்ததைக் கேட்டாள்.

"ஏ, பூரணம் மைனிக்கு மட்டும் சத்தத்தக் காணும்?"

எல்லாரும் ஆட்டோவைப் பார்த்தார்கள். கொம்பையா தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. வடிவு தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. போர்வைக்கு மேலே ஒன்றும் இல்லை. ஊரிலேயே அந்த மூன்று பேரைச் சுற்றித்தான் மௌனமாக இருந்தது. மகராசன் கொஞ்ச நேரம் அந்த மௌனத்தைக் கவனமாகக் கேட்டார். பிறகு சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பம் எங்களுக்கெல்லாம் சொன்னது பொய்யி" என்றார். "சொல்லாம விட்டதுதான் நெசம்."

வடிவுக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. ஒரு பேரை மறைப்பதற்காக நானூறு பேரைச் சொன்னவள், அந்த ஒரு பேரைத்தான் ஊருக்கே சொல்லியிருக்கிறாள். அவள் இறங்கினாள். "ஆமா, எங்க அம்மைக்குத்தான். ஒதடு கறுத்துட்டு. சாவியத் தூக்கிப் போடுங்க, நாங்களே நகட்டிட்டுப் போயிருதோம். பெரியப்பா, உங்க கால்ல விழுதேன், கிட்டகூட வரல, இங்கன இருந்தே விழுதேன்." விழுந்தாள்.

"எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும், அண்ணாச்சி" என்றார் கொம்பையா.

"தெரியும். நீ தொட்ட வண்டிய பெறகு ஆரு தொடுவா?"

கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார். யாரும் கல்லை எடுக்கவில்லை, கையை ஓங்கவில்லை, ஒரு வசைகூட இல்லை. டிராக்டரை எடுக்க ஒருத்தர் முன்னால் வர வேண்டும், முன்னால் வந்தால் ஆட்டோவின் பக்கத்தில் வர வேண்டும், ஆகவே ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார்கள், மயிலம்மையும் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு பின்னால் போனாள். கொம்பையா ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். வருது, வருது என்றார்கள். வடிவு முள்ளைக் கையால் இழுத்தாள். முள் கையைக் கிழித்தது, அது வேலைக்கு ஆகவில்லை.

பின்சீட்டில் பூரணம் கையை நீட்டி, கொக்கியில் தொங்கிய மைக்கை எடுத்தாள். ஐந்து நாளாகத் தலையணைக்குள் பேசியவள். சுவிட்சை அவளே போட்டாள்.

"நான் பூரணம்" என்றாள். குழாய் இரண்டும் வாங்கிச் சொன்னது. "எனக்குத்தான் காய்ச்சல்." மூச்சு. குழாயில் அந்த மூச்சும் கேட்டது. "மூச்சு முட்டுது. வழி விடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மைக் மடியில் விழுந்தது. வடிவு ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். குரல் நிற்கவில்லை. வளைவுக்குக் கீழே, டிராக்டருக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு, நான் பூரணம், எனக்குத்தான் காய்ச்சல், மூச்சு முட்டுது, வழி விடுங்க என்று, அம்மையின் சொந்தக் குரலில், நடுவில் இருந்த மூச்சு இறைப்போடு நின்றது.

ஆம்புலன்ஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. சைரன் கேட்டதும் மகராசன் ஓடிப்போய் டிராக்டரை எடுத்துவிட்டார், அரசாங்க வண்டி அல்லவா. அதற்கு இருபது நிமிஷத்துக்கு முன்னாலேயே பூரணம் செத்துப் போயிருந்தாள். பின்சீட்டில் மகள் மடியில், ஊர் முழுக்கப் பார்க்க, பத்தடி தள்ளி.

ஐப்பசி மழையில் வாகைக்குறிச்சியின் சத்தங்கள் எல்லாம் கரைந்து போயின. பொய்யாகச் சொன்னவை முதலில், உண்மையாகச் சொன்னவை பிறகு, சுவரில் எழுதின சுண்ணாம்பு மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. நோயும் போனது. யாருக்கு இருந்தது, யாரைச் சொன்னார்கள் என்று இப்போது கேட்டால், நம்ம ஊரில் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே, பக்கத்து ஊரில்தான் மோசம் என்கிறார்கள். மறு வருஷக் கொடைக்கு மகராசனே வந்து, "ஒன் கொரலு மாதிரி வருமாட்டி" என்று கூப்பிட்டார். வடிவு கதவைச் சாத்தினாள்.

வளைவுக்குக் கீழே நின்ற குரல் மட்டும் கரையவில்லை. அதற்கும் ஊர் பழகிவிட்டது. டிராக்டரை எடுத்தாயிற்று, முள்ளை எரித்தாயிற்று, தார் ரோடு அகலமாகக் கிடக்கிறது. பஸ்ஸும் மாட்டுவண்டியும் பள்ளிக்கூடத்துச் சைக்கிள்களும் அந்த இடத்துக்கு வந்ததும், வழி விடுங்க என்று அது சொல்லச் சொல்ல, யோசிக்காமல் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒதுங்கிக்கொள்கிறார்கள், மகராசன்கூட மொபெட்டைச் சாய்த்து ஓரமாகத்தான் போகிறார், நடு ரோட்டில் ஒரு ஆட்டோ போகிற அளவுக்கு வழி விட்டு.